இலைக்கு எதிரே உட்கார்ந்தவர்

சென்ற மாதம் என் பேத்தி புனேயிலிருந்து வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளை மாதுங்கா ரயில் நிலையத்தருகே உள்ள ஒரு பழைய ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். இலையில் பாயசம் விழுவதற்கு முன்பே கைபேசியை எடுத்து அந்த ஹோட்டலுக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டாள். "தாத்தா, ரசத்துக்கு அஞ்சு ஸ்டார். உட்கார்ற இடத்துக்கு மூணுதான். யாருன்னே தெரியாதவாளோட ஒரே டேபிள்!" என்றாள்.

"அந்த மூணை அஞ்சாக்கு" என்றேன். ஏன் என்று கேட்டாள். அங்கே, காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே, விளக்கிச் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததையே நம் சங்க அன்பர்களுக்கு எழுதுகிறேன். டெல்லி கரோல்பாக்கிலும், கல்கத்தா லேக் மார்க்கெட்டிலும், பெங்களூர் மல்லேஸ்வரத்திலும் வாழ்ந்த அன்பர்களுக்கும் இதில் பாதி சொந்தக் கதையாகவே இருக்கும்.

பேட்டை பிறந்த விதம்

1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெருக்கடியான பழைய பேட்டைகளில் நோய் பரவியதைக் கண்ட அரசு, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்டை அமைத்தது. அந்த டிரஸ்ட் திட்டமிட்டு அகலமான தெருக்களோடு உருவாக்கிய வடபகுதிகளில் தாதரும் மாதுங்காவும் அடங்கும். அங்கே கட்டடங்கள் எழும்பிய காலத்தில்தான் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நம்மவர்கள் ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டு குமாஸ்தா வேலைக்கு வந்து இறங்கினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாதுங்காவில் தோன்றியது. கோவில், பஜனை, வெற்றிலைக்கடை, காப்பிப்பொடிக் கடை என்று ஒவ்வொன்றாக வந்தன.

வந்தவர்களில் பெரும்பாலோர் பிரம்மசாரிகள், அல்லது குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். ஓர் அறையில் நாலைந்து பேர். ஸ்டவ் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். ஆகவே அன்றாடச் சாப்பாடு என்பது பெரிய கேள்வியாக இருந்தது. அதற்கு யார் பதில் சொன்னார்கள் என்பதில்தான் நாம் அடிக்கடி தவறு செய்கிறோம்.

'நம்ம ஹோட்டல்' யாருடையது?

"மாதுங்காவில் எல்லாம் நம்ம ஹோட்டல்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 1937-ல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம் போன்ற சில நம்மவர்களுடையவைதாம். ஆனால் பேட்டைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் தென்கன்னட ஜில்லாக்காரர்கள். சமையல் மரபு உடுப்பி கிருஷ்ணன் கோவில் மடப்பள்ளியிலிருந்தும் சிவள்ளிப் பிராமணர்களிடமிருந்தும் வந்தது. ஆனால் நாயக், காமத், பை என்ற கொங்கணிக்காரர்களும், துளு பேசும் ஷெட்டிகளும் அதைத் தொழிலாகக் கைக்கொண்டு நாடெங்கும் கொண்டு போனார்கள்.

1942-ல் மாதுங்கா ஸ்டேஷன் அருகே உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கிய ஏ. ராம நாயக் அவர்களில் ஒருவர். சிறு வயதிலேயே பிழைப்புத் தேடி பம்பாய் வந்து, பாத்திரம் கழுவும் வேலையிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர். அந்த நாளில் ஹோட்டல்களில் டேபிள் துடைத்த பையன்கள் பலர், வேலை முடிந்ததும் கன்னட ராத்திரிப் பள்ளிக்கூடங்களுக்கு ஓடுவார்கள். நமக்கு ஊர் ருசி கிடைத்தது அந்தப் பையன்களின் தூக்கத்தை விலையாகக் கொடுத்துத்தான். அவர்கள் சமைத்த சாம்பாரில் வெல்லம் தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று கரண்டி வாங்கிக்கொண்டவர்கள் நாம்!

அரிசி இல்லாத வருஷங்கள்

அந்த போர்டிங் தொடங்கிய வருஷத்தைக் கவனியுங்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி வருவது நின்றது. 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் வந்தது. அரிசியே உயிர் என்றிருந்த நம்மவர்களும் கோதுமையோடு சமாதானம் செய்துகொண்டார்கள். பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ்காரர்கள் யுத்தகால அரிசித் தட்டுப்பாட்டில்தான் ரவையைக் கொண்டு இட்லி வார்க்கத் தொடங்கினோம் என்று சொல்கிறார்கள். இன்று கல்யாண வீட்டுக் காலை டிபனில் ரவா இட்லி இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் முகம் மாறுகிறது. பஞ்சத்துக்குப் பிறந்த பலகாரம் அது என்பது யாருக்கு நினைவிருக்கிறது?

பலகையில் எழுதியிருந்தது

இனிச் சொல்லப் போவது சில அன்பர்களுக்குக் கசக்கலாம். அதே மாவள்ளி ஹோட்டல் 1924-ல் தொடங்கியபோது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. 1960-ல்தான் இப்போதைய பெயர் வந்தது. அந்நாளில் தென்னாட்டில் எத்தனையோ ஹோட்டல்களில் அப்படிப் பலகை இருந்தது. சமைப்பவர் பிராமணர் என்று ஆசாரக்காரருக்குத் தைரியம் சொல்வதற்காகவே அது என்று நம் பெரியவர்கள் விளக்குவார்கள். அது பாதி உண்மை. பல ஹோட்டல்களில் உள்ளே பிராமணருக்கென்று தனி இடமும் இருந்தது. காசு ஒன்று, காப்பி ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு.

1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது விதி, ஜாதி காரணமாக ஹோட்டலில் நுழைய யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியாரின் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். அந்த மறியலை நம் வீடுகளில் எப்படிப் பேசினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வெளியே நின்றவர்களுக்கு அந்தப் பலகை என்ன சொல்லிற்று என்று ஒருவரும் பேசியதாக நினைவில்லை.

1972, ஒரு காலை நேரம்

நான் 1969-ல் பம்பாய் வந்தேன். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1966-ல், சிவசேனை தோன்றியிருந்தது. தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்ற பிரசாரத்தின் சூட்டில் உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்ட காலம் அது. வேட்டியோடு தெருவில் இறங்கத் தயங்குவோம். 'மதராஸி' என்று பின்னாலிருந்து குரல் வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

1972-ல் அப்பா ஊரிலிருந்து வந்தார். வெளியில் கை நனைக்காதவர். என் அறையிலோ அடுப்பு கிடையாது. இரண்டு நாள் பழமும் பாலுமாக ஓட்டினார். மூன்றாம் நாள் காலை கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். இட்லி வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார். "பரவாயில்லைடா" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அப்போது எங்கள் எதிரே காலியாக இருந்த நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மில் தொழிலாளி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறார் என்பது தலையில் ஒட்டியிருந்த பஞ்சிலேயே தெரிந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்து, தண்ணீர் கூஜாவை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தார். அப்பா இலையை மடித்தார். எழுந்து கைகழுவப் போய்விட்டார். இரண்டு இட்லி மிச்சம்.

அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. 'மதராஸி' என்ற குரலுக்குக் கூசிய நான், அன்று அவர் முகத்தைப் பார்க்காமல் பில்லைக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வளர்ந்த விதம் அப்படி. எனக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. ஒரு வார்த்தை, ஒரு நமஸ்காரம் போதுமாயிருந்திருக்கும்.

1982 ஜனவரியில் பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் இறங்கினார்கள். பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பவேயில்லை. அவர்களில் பலர் தெருவோரம் வடாபாவ் வண்டி போட்டார்கள். வடாபாவும் 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் பண்டம்தான். அந்த வண்டிகளில் சாப்பிடும்போதெல்லாம் கடைக்காரரின் முகத்தை உற்றுப் பார்ப்பேன். பத்து வருஷத்துக்கு முன் பார்க்காமல் விட்ட முகத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

ஐந்து ஸ்டார்

தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைக்கும் ஹோட்டலுக்கு முழு மார்க் போடச் சொன்னது இதனால்தான். கூட்டம் அதிகம், இடம் குறைவு என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அந்த நெரிசல் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்திருக்கிறது. கூப்பன் வாங்கியவருக்கு எந்த நாற்காலி காலியோ அதுதான் இடம். என்னைப் போன்றவர்கள் பழகிக்கொண்டோம். என் பேத்திக்கு அது பழக வேண்டிய விஷயமாகவே இல்லை. இடிபடுகிறது என்பது மட்டும்தான் அவள் புகார்.

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு முதல் வேலை கிடைத்த ஊரில் சோறு போட்ட மெஸ் எது, அதை நடத்தியவர் எந்த ஊர்க்காரர், யார் யாரெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை என்பதை எழுதி வையுங்கள். ரசத்துக்கு மார்க் போட நம் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். இதையெல்லாம் நாம் எழுதினால்தான் உண்டு.

பேத்திக்கு இதில் பாதியை அன்று மாலை சொன்னேன். மூன்றை ஐந்தாக்கினாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அதே ஹோட்டலில் எதிரே வந்து உட்கார்ந்த ஓர் அம்மாளுக்கு, கேட்காமலே, தண்ணீர் டம்ளரை நிரப்பி நகர்த்தி வைத்தாள்.