தீர்க்கதரிசனம் நின்றுவிட்டதா? வரலாறு தரும் பாடம்



யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலம். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மாலை நேரக் கூடுதல் வகுப்புக்குத் திடீரென வராமல் நின்றுவிட்டான். தாயாரை அழைத்து விசாரித்தேன். "எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஓர் ஊழியர் தீர்க்கதரிசனம் சொல்லிவிட்டார் டீச்சர். எல்லாப் பாடங்களிலும் இவனுக்கு ஏ கிடைக்குமாம். இனிக் கவலை இல்லை" என்றார். தேர்வு முடிவு அவ்வாறு அமையவில்லை. அதைவிட என்னை வருத்தியது பின்னர் நடந்ததுதான். பையனுக்கு விசுவாசம் போதவில்லை என்று வீட்டில் சொன்னார்களாம். அவன் என்னிடம் வந்து, "என்னால் கடவுள் பொய் சொன்னவர் ஆகிவிட்டாரா டீச்சர்?" என்று கேட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுமக்கக்கூடிய கேள்வியா அது?

கடவுள் இன்றும் கிறித்தவர்களோடு தீர்க்கதரிசனத்தின் வழியாகப் பேசுகிறாரா என்பது புதிய கேள்வியன்று. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாகத் திருச்சபை இதனை விவாதித்து வருகிறது. சமயத் தீர்ப்பு வழங்குவது என் நோக்கமன்று. வரலாறு நமக்கு என்ன கற்றுத் தருகிறது என்பதை மட்டும் காண்போம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழாசிரியர் என்ற முறையில் முதலில் என் கண்ணில் படுவது சொல்தான். 'தீர்க்கதரிசி' வடமொழிவழிச் சொல். தொலைநோக்கிக் காண்பவர் என்று பொருள். ஆனால், புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லும் கடவுளின் சார்பாகப் பேசுபவரையே குறிக்கின்றன. ஆமோஸ், எரேமியா போன்றோர் வருவதை உரைத்ததோடு, ஏழையை நசுக்கிய அரசரையும் செல்வரையும் நேருக்கு நேர் கண்டித்தவர்கள். கத்தோலிக்கரும் பிறரும் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்ற சொல்லை ஆள்கிறது. 'தீர்க்கதரிசி' என்றால் எதிர்காலம் சொல்பவர் என்று நம் மக்கள் எண்ணிக்கொள்வதற்குச் சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம். எதிர்காலம் சொல்பவர் என்று கொண்டுவிட்டால், சோதிடரிடம் கேட்கும் கேள்விகளையே அவரிடமும் கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

தொடக்ககாலச் சபையில்

அப்போஸ்தலர் நடபடிகளில் அகபு என்பவர் வருகிறார். பெரும் பஞ்சம் வரும் என்று அவர் முன்னுரைத்தார். அதைக் கேட்ட அந்தியோகியா நகரத்துச் சபையார் தத்தம் வசதிக்கு ஏற்பப் பொருள் சேர்த்து, யூதேயாவில் இருந்த சகோதரர்களுக்கு அனுப்பினர். முன்னறிவிப்பைக் கேட்டவர்கள் உழைப்பை நிறுத்தவில்லை. பிறருக்கு உதவக் கையை நீட்டினர். எருசலேமில் பவுல் கட்டுண்டு கிடப்பார் என்றும் அதே அகபு பின்னொரு சமயம் சொன்னார். உடனிருந்தவர்கள் போக வேண்டாம் என்று அழுதனர். பவுலோ தம் பயணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முன்னறிவிப்பை ஏற்றபோதும் முடிவெடுக்கும் பொறுப்பு அவரிடமே இருந்தது.

'டிடாக்கே' என்னும் பழைய கிரேக்க நூலும் இங்கே நினைக்கத்தக்கது. முதலாம் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்ததாகக் கருதப்படும் இந்நூலின் கையெழுத்துப்படி 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு, 1883இல் அச்சேறியது. ஊர் ஊராகச் செல்லும் தீர்க்கதரிசிகளை எப்படி அடையாளம் காண்பது என்று அது சொல்கிறது. மூன்று நாள் தங்கிவிட்டால் ஐயப்படு. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்டால் செவிகொடாதே. வறியவருக்காகக் கேட்டால் குறை கூறாதே. போதிப்பதை அவரே பின்பற்றுகிறாரா என்று பார். அக்காலச் சபை தீர்க்கதரிசிகளைப் பெரிதும் மதித்தது. அவர்களை அளந்து பார்க்கவும் கற்றிருந்தது.

பிரிகியாவில் எழுந்த புயல்

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள பிரிகியாவில் மொந்தானு என்பவர் தோன்றினார். பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்னும் இரு பெண்மணிகள் அவரோடு சேர்ந்தனர். தூய ஆவியார் தங்கள் வாய்வழியே பேசுவதாக மூவரும் அறிவித்தனர். விண்ணக எருசலேம் பெப்புசா என்னும் சிற்றூரில் இறங்கும் என்ற எதிர்பார்ப்பு பரவியது. கடுமையான நோன்பும் ஒழுக்கமும் பலரை ஈர்த்தன. கார்த்தேஜ் நகரின் பேரறிஞர் தெர்த்துல்லியனே ஏறத்தாழ 207ஆம் ஆண்டளவில் இவ்வியக்கத்தின் பக்கம் சாய்ந்தார். எனவே, இதனை அறிவிலிகளின் கூட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தமக்குப் பின் தீர்க்கதரிசி எவரும் இரார், முடிவுதான் வரும் என்றும், போர்களும் குழப்பங்களும் நேரும் என்றும் மாக்சிமில்லா சொன்னதாகப் பழைய நூல்கள் பதிவு செய்கின்றன. அவர் இறந்து 13 ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தகைய போர் எதுவும் வரவில்லையே என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதி வைத்தார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எழுதியதை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எடுத்தாண்டதால் இன்று அறிகிறோம். சொல்லப்பட்டதையும் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்தப் பெயர் தெரியாத மனிதரை நான் ஒரு நல்லாசிரியராகவே கருதுகிறேன்.

இதன் பிறகு ஆயர்களின் அதிகாரமும் புதிய ஏற்பாட்டு நூல்களின் தொகுப்பும் வலுப்பெற்றன. தீர்க்கதரிசியின் இடம் சுருங்கியது.

தமிழ் மண்ணில் ஓர் எழுச்சி

நம்மவர் பலர் அறியாத ஒரு பக்கமும் உண்டு. 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்தவர். இரேனியசிடம் பயின்றவர்; அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்பவரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர். வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்தை நாடாமல் ஊழியம் செய்ய முனைந்து, கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்தார். 1860இல் அங்கு எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனம், தரிசனம், பன்மொழிப் பேச்சு ஆகியவை நிகழ்ந்ததாக அவரது நாட்குறிப்பு கூறுகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1906இல் தொடங்கிய அசூசா தெரு எழுப்புதலுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்தியது இது! மிஷனரிகளுள் சிலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர். அருளப்பன் 1867இல் மறைந்தார்.

அந்த எழுப்புதலின் அலை 1870களில் திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்னும் போதகர் இருந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரானவர், இசைப்புலமை மிக்கவர். கிறிஸ்து ஆறே ஆண்டுகளில், 1881இல், திரும்பி வருவார் என்று 1875இல் அவரைச் சார்ந்தோர் அறிவித்தனர். தனிச்சபையும் உருவாயிற்று. 1881 வந்தது, போனது. நம்பியவர்களுள் பலர் விலகினர். அவர் இயற்றிய மலையாளப் பாடல்களோ இன்றும் கேரளச் சபைகளில் பாடப்படுகின்றன. குறித்த நாள் பொய்த்தது. பக்தியில் பிறந்த பாட்டு நிலைத்தது.

இரு தரப்பும்

அப்போஸ்தலர் காலத்தோடும் வேதாகமத்தின் நிறைவோடும் இவ்வரம் நின்றுவிட்டது என்பது ஒரு தரப்பு. 1640களில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கடவுள் முன்பு தம் சித்தத்தை வெளிப்படுத்திய முறைகள் ஓய்ந்துவிட்டன என்று கூறுகிறது. 1918இல் வெளிவந்த தம் நூலில் வார்ஃபீல்டு என்னும் அறிஞர் அற்புத வரங்கள் பற்றி இதே வகையில் வாதிட்டார். தீர்க்கதரிசனம் ஓய்ந்துபோகும் என்று பவுலே எழுதியிருப்பதையும் இவர்கள் சுட்டுவர். நிறைவானது வரும்போதுதானே ஓயும், அது இன்னும் வரவில்லையே என்பது மறுதரப்பின் விடை. பெந்தெகொஸ்தே சபையார் இவ்வரம் இன்றும் உண்டு என்பர். கத்தோலிக்கத் திருச்சபையோ தனிப்பட்ட வெளிப்பாடுகளை முற்றாக மறுப்பதில்லை. ஆனால், அவை மூல நம்பிக்கையோடு புதிதாக எதையும் சேர்க்க முடியாது என வரம்பு கட்டுகிறது.

கவனித்தால் ஒன்று விளங்கும். உண்டு என்போரும் சோதித்துப் பார்ப்பதை மறுக்க முடியாது. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ண வேண்டாம் என்று எழுதிய பவுலே, அடுத்த வரியில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். 2020ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் வெல்வார் என்று பலர் தீர்க்கதரிசனம் உரைத்தனர், அது பொய்த்தது. அவர்களுள் சிலர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர். 2021இல் அதே மரபின் தலைவர்கள் சிலர் கூடி, தவறாக உரைத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டனர். டிடாக்கே சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடவுள் பேசுகிறாரா இல்லையா என்பது உங்கள் நம்பிக்கை. அதில் குறுக்கிட எனக்கு உரிமை இல்லை. பிள்ளையைப் பற்றி ஒருவர் வாக்கு உரைத்தால் மட்டும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சொன்னவருக்கு அதனால் ஆதாயம் உண்டா? அந்த வாக்கு பிள்ளையை உழைக்கத் தூண்டுகிறதா, உழைப்பைக் கைவிடச் செய்கிறதா? அது பொய்த்தால் பழி யார் தலையில் விழும்?

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. பழைய சட்டத்தின்படி, சொன்னது நடவாமற்போனால் குற்றம் சொன்னவருடையது, கேட்டவருடையதன்று. நாமோ அதைத் தலைகீழாக்கிப் பிள்ளையின் விசுவாசத்தைக் குறை கூறுகிறோம்.

அந்த மாணவனிடம் அன்று நான் சொன்ன விடை இதுதான்: "மனிதர் ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டார் தம்பி. உன்னால் யாரும் பொய்யர் ஆகவில்லை." அவன் முகம் தெளிந்தது. மறுநாள் நூலகத்தில் புத்தகம் எடுக்க வந்திருந்தான்.

பிள்ளைகளின் தோளில் புத்தகப் பை மட்டும் இருக்கட்டும். சிந்திப்போம்.