குனியக் கற்ற ஆன்டெனாக்கள்

1985 ஜூலை 1 அன்று டொராண்டோ மேயர் ஆர்ட் எகிள்டன், மாண்ட்ரியல் மேயர் ஜான் டிராப்போவைச் செல்பேசியில் அழைத்தார். கனடாவில் செல்பேசிச் சேவை தொடங்கியது அன்றுதான். கோபுரங்கள் குறைவு; உயரத்தில் ஏற்றி, எட்டுகிற தொலைவு வரை எட்டட்டும் என்று விட்டார்கள்.

பேசுகிறவர்கள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் தள்ளித் தள்ளி மறுபடி பயன்படுத்தலாம் என்று பெல் ஆய்வகத்தின் டி.எச். ரிங் 1947லேயே எழுதிவைத்திருந்தார். அதற்கு ஒவ்வொரு கோபுரமும் தன் எல்லைக்குள் அடங்க வேண்டும். ஆன்டெனாவைக் குனிய வைத்தது இந்தத் தேவைதான்.

30 மீட்டர் உயரத்தில் 3 டிகிரி சாய்த்தால் அலைக்கற்றையின் நடுப்பகுதி சுமார் 570 மீட்டரில் தரையைத் தொடும். 6 டிகிரி என்றால் 285 மீட்டர். கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு பாதித் தொலைவைக் குறைத்துவிடுகிறது. முன்பெல்லாம் ஆள் மேலே ஏறி, போல்ட்டைத் தளர்த்தி, ஆன்டெனாப் பலகையைச் சாய்த்து, மறுபடி முறுக்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் முன்புறக் கற்றை இறங்கும், பின்புறம் கசிவது மேலேறும், பக்கவாட்டில் மாற்றமே இருக்காது. பிறகு வந்த மின்சாய்வில் பலகை அசையாமல் கற்றை மட்டும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறங்குகிறது; அலுவலகத்திலிருந்தே மாற்றலாம்.

திசை வைப்பதும் லேசான வேலையல்ல. மாண்ட்ரியலில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 14 டிகிரி மேற்கே விலகி நிற்கும். சென்னையில் ஒன்றிரண்டு டிகிரிதான். திருத்தம் போடாமல் பூட்டினால் ஆன்டெனா பக்கத்துத் தெருவைப் பார்த்து நிற்கும்.

மாண்ட்ரியல் தீவின் மேற்கில் உள்ள புவாண்ட்-கிளேர் போன்ற ஊர்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. தெற்கே செயின்ட்-லூயி ஏரி. நீர்ப்பரப்பில் அலையைத் தடுக்க மரமுமில்லை, கட்டடமுமில்லை. சாய்வு போதாவிட்டால் இக்கரையில் நிற்பவரின் செல்பேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த அக்கரையில் இருக்கிறது ஷாட்டோகே. அங்கே ரோஜர்ஸ் நிறுவனம் கோபுரம் கட்டத் தேர்ந்த நிலத்தில் எதையும் கட்டக் கூடாது என்று 2010இல் நகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. மக்களின் உடல்நலக் கவலை அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கோபுரத்தின் இடத்தை முடிவு செய்யும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கே உண்டு என்று 2016 ஜூன் 16 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராட்சியைக் கலந்து பேச வேண்டும் என்ற விதி இன்றும் நீடிக்கிறது. அந்தப் பேச்சில், ஆன்டெனா எந்த வீட்டுப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்து பார்க்கும் என்ற வரைபடத்தையும் மேசையில் வைப்பதே நியாயம். கேட்கிற மக்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.