பிறவியா, மரபா? டாக்சோபிளாஸ்மா விழித்திரை அழற்சி குறித்த மருத்துவக் கருத்துகளின் வரலாறு

முன்னுரை

‘பிறவி நோய்’, ‘பரம்பரை நோய்’ ஆகிய இரு தொடர்களும் தமிழில் பேச்சிலும் எழுத்திலும் பல நேரங்களில் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. முன்னது கருவில் இருக்கும்போதே நேர்ந்த கேட்டையும், பின்னது பெற்றோர்வழி வந்த மரபணுக் கூறையும் குறிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் விளையும் குழப்பத்தை டாக்சோபிளாஸ்மா கோண்டி என்னும் ஒட்டுண்ணியால் விழித்திரையில் உண்டாகும் அழற்சியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஒரே ஒட்டுண்ணி பலரைத் தொற்றினும் சிலரது விழித்திரையை மட்டும் சிதைப்பது ஏன் என்னும் வினாவுக்குச் சென்ற நூற்றாண்டு முழுவதும் அளிக்கப்பட்ட விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒட்டுண்ணியும் கருவுயிரும்

1908இல் துனிசில் நிக்கோல், மான்சோ ஆகியோர் ‘கண்டி’ என்னும் கொறித்துண்ணியிடமும், அதே ஆண்டில் பிரேசிலின் சாவோ பாலோவில் ஸ்பிளெண்டோரே முயலிடமும் இவ்வொட்டுண்ணியைக் கண்டனர். மனிதக் கண்ணோடு இதற்குள்ள உறவு 1923இல் பிராகா நகரக் கண் மருத்துவர் யான்கூவின் ஆய்வில் முதன்முதலாக வெளிப்பட்டது. மண்டைநீர் மிகுந்து இறந்த ஒரு குழந்தையின் விழித்திரையில் ஒட்டுண்ணிப் பைகளை அவர் விவரித்தார். 1939இல் நியூயார்க்கில் உல்ஃப், கோவன், பெய்ஜ் ஆகியோர் தாயிடமிருந்து கருவுக்குத் தொற்று செல்வதை நிறுவினர். இதிலிருந்து, இந்நோய் கருவில் பெறப்படுவது என்ற கருத்து வலுப்பெற்றது.

பெரியவர்களுக்கு உண்டான இத்தகைய அழற்சி அக்காலத்தில் பெரும்பாலும் காசநோயின் மீதோ மேகநோயின் மீதோ சுமத்தப்பட்டது. வாஷிங்டனில் இருந்த படைத்துறை நோயியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெலினர் கேம்பல் வைல்டர், அவ்வாறு பெயரிடப்பட்டு அகற்றப்பட்ட கண்களின் திசுக்களை மீண்டும் ஆராய்ந்து, 53 கண்களில் டாக்சோபிளாஸ்மாவைக் கண்டதாக 1952இல் வெளியிட்டார். மருத்துவப் பட்டம் பெறாத ஒருவர் நுண்ணோக்கியின் முன் பொறுமையுடன் அமர்ந்து செய்த இப்பணி, கண் மருத்துவ வரலாற்றின் பெரிய திருத்தங்களுள் ஒன்று எனலாம்.

எனினும் வைல்டரின் கண்டுபிடிப்பு ‘பிறவி’ என்னும் கருத்தைத் தகர்க்கவில்லை. பெரியவர்களின் அழற்சியும் கருவில் பெற்ற தொற்று பல்லாண்டுகள் உறங்கிப் பின்னர் விழித்தெழுவதே என விளக்கப்பட்டது. 1973இல் பெர்கின்ஸ் முதலானோர் இதனை வலியுறுத்தினர். கண்ணில் காணும் தழும்பு எந்த வயதில் உண்டானது என்பதை அத்தழும்பே சொல்லாது. ஆகவே இவ்விளக்கத்தை மறுப்பதும் எளிதாக இருக்கவில்லை.

எரெசிம் தந்த சான்று

மறுப்பு தென்பிரேசிலின் எரெசிம் என்னும் ஊர்ப்பகுதியிலிருந்து வந்தது. அங்குக் கண் மருத்துவர் சில்வேராவும் அவர்தம் குழுவினரும் ஒரே குடும்பத்தின் உடன்பிறந்தோர் பலரிடம் இந்நோயைக் கண்டு 1988இல் பதிவுசெய்தனர். குடும்பத்தில் பலருக்கு வரும் நோய் பரம்பரை நோய் என எண்ணுவது இயல்பு. ஆனால் இங்குத் தருக்கம் வேறு திசையில் சென்றது. ஒருமுறை தொற்றுற்ற தாய்க்கு எதிர்ப்பாற்றல் உண்டாகிவிடுவதால், அடுத்தடுத்த கருக்களுக்கு அவள் தொற்றைக் கடத்துவது மிக அரிது. எனவே உடன்பிறந்தோர் பலர் நோயுறுவது, அவர்கள் கருவில் தொற்றுறவில்லை என்பதற்கே சான்றாயிற்று. ஒரே அடுப்பில் சமைத்த இறைச்சியும், ஒரே முற்றத்து மண்ணும் அவர்களுக்குப் பொதுவாக இருந்தன. குடும்பம் என்பது மரபணுக்களின் தொகுப்பு மட்டுமன்று என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

1992இல் கிளாஸ்னர் முதலானோர் அப்பகுதியில் 1,042 பேரைப் பரிசோதித்து, 184 பேரிடம் (17.7 விழுக்காடு) டாக்சோபிளாஸ்மா தழும்புகள் இருப்பதைக் கண்டனர். 8 வயது வரையிலான சிறாரிடம் இது 0.9 விழுக்காடு, 13 வயதைக் கடந்தோரிடம் 21.3 விழுக்காடு. நோய் பிறவியிலேயே வந்திருப்பின் சிறாரிடமும் தழும்புகள் பரவலாகக் காணப்பட்டிருக்க வேண்டும். வயதோடு கூடும் இவ்வெண்ணிக்கை பிறந்தபின் பெற்ற தொற்றையே முதன்மைக் காரணமாகக் காட்டியது.

இருவகை மரபணுக்கள்

இதன்பின்னரே மரபணு பற்றிய வினா முறையாக எழ முடிந்தது. முதலில் கவனம் சென்றது ஒட்டுண்ணியின் மரபணுவின் மீது. 1995இல் ஹோவ், சிப்லி ஆகியோர் வடஅமெரிக்க, ஐரோப்பிய ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் மூன்று மரபுவழிகளுள் அடங்கும் எனக் காட்டினர். பிரேசிலின் ஒட்டுண்ணிகள் இவ்வரையறையுள் அடங்காத கலப்பு வகையினவாக இருந்தன. கருவில் தொற்றுற்ற பிரேசில் குழந்தைகளுக்குக் கடுமையான கண்பாதிப்பு நேரும் வாய்ப்பு ஐரோப்பியக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என 2008இல் கில்பர்ட் முதலானோர் கண்டனர். இதனை ஒட்டுண்ணி வகையின் வேறுபாட்டோடு இணைத்து நோக்குவது பொருத்தமானது.

ஆயினும் ஒரே ஊரில், ஒரே வகை ஒட்டுண்ணியால் தொற்றுற்றோரிடையேயும் வேறுபாடு உண்டு. இங்கு மனிதனின் மரபணு இடம்பெறுகிறது. 2008இல் ஜேமீசன் முதலானோர் ஐரோப்பிய, அமெரிக்கக் குழுக்களில் கருவில் தொற்றுற்ற குழந்தைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து, ஏபிசிஏ4, கோல்2ஏ1 என்னும் இரு மரபணுக்களின் வேறுபாடுகள் கண்பாதிப்போடு தொடர்புடையவை என்றனர். இவை இரண்டும் பரம்பரைக் கண்நோய்களுக்குக் காரணமாக முன்னரே அறியப்பட்டவை. நோயெதிர்ப்போடு நேரடித் தொடர்பற்ற, கண்ணின் கட்டமைப்பையும் செயற்பாட்டையும் சார்ந்த மரபணுக்கள் ஒரு தொற்றுநோயின் போக்கில் பங்கேற்பது இவ்வாய்வின் புதுமை. பிறவித் தொற்றுக்குள்ளேயே மரபுக் கூறும் செயல்படுகிறது என்பதால், இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது இங்கு முற்றிலும் பொருந்தாது.

பிரேசிலில் நோயெதிர்ப்பு மரபணுக்களும் ஆராயப்பட்டன. காமா இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின்-10 ஆகியவற்றின் மரபணு வேறுபாடுகள் நோயோடு தொடர்புறுவதாகவும், டிஎன்எஃப் மரபணுவின் ஆராயப்பட்ட வேறுபாடு தொடர்புறவில்லை எனவும் முடிவுகள் வந்தன. காமா இன்டர்ஃபெரான் ஒட்டுண்ணியை அடக்குவது. அதன் சுரப்பு குறைந்தால் ஒட்டுண்ணி பெருகும். எதிர்ப்பு வினை எல்லை மீறினாலோ அழற்சியே விழித்திரையைச் சிதைக்கும். இந்தச் சமநிலையை மரபணுக்கள் ஓரளவு தீர்மானிக்கின்றன என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் இவ்வாய்வுகளுட் பல சிறிய மாதிரிகளைக் கொண்டவை. ஒரு மக்கட்குழுவின் முடிவைப் பிறிதொரு குழுவிற்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

நீரும் மரபணுவும்

மரபணு விளக்கத்தின் எல்லையைத் தொற்றலைகள் காட்டுகின்றன. 1995இல் கனடாவின் விக்டோரியா நகரில் நகராட்சிக் குடிநீரோடு தொடர்புபடுத்தப்பட்ட தொற்றலையில் இனங்காணப்பட்ட 100 பேருள் 19 பேருக்கு விழித்திரை அழற்சி உண்டாயிற்று. எஞ்சியோருக்கு ஏன் உண்டாகவில்லை என்பது மரபணுவியலாரும் விடைகாண வேண்டிய வினா. அந்த 100 பேருக்கும் தொற்று எப்படி வந்தது என்பது நீர்த்தேக்கத்தைச் சார்ந்த வினா. முதல் வினாவுக்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழகத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2004-05இல் கோயம்புத்தூரில் ஏறத்தாழ 250 பேர் சில மாதங்களுக்குள் இந்நோயோடு கண் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களிடம் அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவர்களுட் பலர் நகரின் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சேர்ந்தவர்கள். குடிநீரே காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. 1973இன் கருத்துநிலையில் நின்று நோக்கியிருப்பின், இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தாயின் கருவிலேயே நோயைப் பெற்றவராகத் தனித்தனியே பதிவாகியிருப்பர். குடிநீர் விநியோகத்தின் வரைபடத்தை எவரும் விரித்துப் பார்த்திருக்கமாட்டார்.