சுத்தியலடிக் காசுகளின் தரமும் தடயமும்: புதுச்சேரித் துட்டை முன்வைத்து

இங்கிலாந்தில் சுத்தியலால் அடித்து நாணயம் ஆக்கும் முறை 1662இல் முடிவுக்கு வந்தது. ஓரம் வெட்டப்பட்ட பழைய வெள்ளிக் காசுகள் 1696இல் திரட்டி உருக்கப்பட்டன. இம்முறை அங்கே கைவிடப்பட்டு முக்கால் நூற்றாண்டு ஆன நிலையில்தான் புதுச்சேரி அக்கசாலையில் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கப்படலாயிற்று, அதுவும் சுத்தியலால். இன்று வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் உழவின்போதோ பழைய பாத்திரக் கடையிலோ கிடைக்கும் அக்காலக் காசுகளை ஆர்வலர்கள் இயந்திரக் காசுகளுக்குரிய அளவுகோலால் தரம் பிரிக்கின்றனர். அவ்வளவுகோல் இக்காசுகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா.

ரூபாய் அடிக்கும் உரிமையை ஆளுநர் துய்மா 1736இல் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். முகலாயப் பேரரசரின் பெயரைத் தாங்கிய அந்த ரூபாயில் பிரெஞ்சுக் குழுமத்தின் அடையாளம் ஒரு பிறை மட்டுமே. ஆங்கிலேயர் அடித்த ஆர்க்காட்டு ரூபாயில் தாமரை இருந்தது. பின்னர் 1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை வில்லியனூரையும் பாகூரையும் புதுச்சேரியைச் சூழ்ந்த பகுதிகளாகப் பெயர் சுட்டிக் குறித்தது.

சந்தையில் புழங்கியவை சிறு காசுகள். வெள்ளிப் பணத்தில் ஒரு புறம் முடியும் மறுபுறம் அல்லிப் பூக்களும் இருக்கும். செப்புத் துட்டில் ஒரு புறம் அல்லிப்பூ. மறுபுறம் புதுச்சேரி என்னும் ஊர்ப்பெயர் மூன்று வரிகளாகத் தமிழில். துட்டு என்ற நம் சொல்லையே பிரெஞ்சு ஆவணங்கள் 'தூதூ' என எழுதின. பிரெஞ்சு அரசின் சின்னமும் தமிழ் எழுத்தும் ஒரே செம்பில் இணைந்திருப்பதால், எழுத்து வரலாற்றாளர்க்கும் இக்காசு தேவைப்படும்.

அடிக்கும் முறை எளியது. கீழ் அச்சின் மேல் செப்பு வில்லை, அதன் மேல் மேலச்சு, ஒரே ஓங்கல். அச்சைவிட வில்லை சிறிதாயிருந்தாலோ சற்று விலகியிருந்தாலோ ஊர்ப்பெயரின் ஓரெழுத்து பதியாமலே போகும். அடி சாய்ந்தால் ஒரு பாதி ஆழமாகவும் மறுபாதி மங்கலாகவும் பதியும். இவை பிறவிக் குறைகள். கைமாறிக் கைமாறி வந்த தேய்மானத்தோடு இவற்றைக் கலக்கலாகாது. மேடான பகுதிகள் வழுவழுப்பாகித் தட்டையானால் அது தேய்வு. மங்கலான இடத்தில் வில்லையின் பழைய சொரசொரப்பு எஞ்சியிருந்தால் அது அடிக்குறை. பிரித்தானியச் சுத்தியலடிக் காசுகளைச் சேர்ப்போர் அடியின் செம்மையைத் தேய்விலிருந்து பிரித்தே குறிக்கப் பழகியவர்கள். நம்மிடமோ வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புச் சென்டுகளுக்காக 1949இல் வெளியிட்ட 70 புள்ளி அளவுகோலின் வழிவந்த எண்கள்தாம் விலைப் பட்டியல்களில் செல்வாக்குப் பெற்றுள்ளன. ஒற்றை எண் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாது.

அக்காலத்திலும் தரம் பிரித்தல் இருந்தது. அதைச் செய்தவர் சராப்பு. எடை, மாற்று, அடித்த ஆண்டு ஆகியவற்றைப் பார்த்து வட்டம் பிடித்தார். ஐயம் எழுந்தால் ரூபாயில் சிறு முத்திரை குத்தினார். இன்றைய தரப்படுத்துநர் அம்முத்திரையைச் சேதம் என்று கழித்துவிடுகிறார். ஆய்வாளனுக்கோ, அக்காசு பெட்டியில் உறங்காமல் கைமாறியது என்பதற்கான சான்று அது. ஒருவர் சேதம் என்பதை மற்றவர் ஆவணம் என்கிறார். இதில் நான் இரண்டாமவர் பக்கமே.

இதனினும் கவலை தருவது புளி. செப்புக் காசு கையில் கிடைத்ததும் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். களிம்பு நீங்கிக் காசு பளபளக்கும். கூடவே மேற்பரப்பும் அரிக்கப்படும். அதன்பின் அடிக்குறையையும் தேய்வையும் பிரித்தறிய வழியில்லை. கிடைத்த இடமும் இப்படித்தான் அழிகிறது. பாகூர் ஏரிப்பாசன வயலில் கிடைத்த துட்டு நகர வணிகரிடம் சேர்ந்ததும் வெறும் 'புதுச்சேரி, செம்பு' ஆகிவிடுகிறது. நாட்டுப்புறத்தில் எவ்வகைக் காசு எவ்வளவு பரவியிருந்தது என்ற வினாவுக்கு அதன்பின் அக்காசு விடை தராது.

ஆகவே ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், இருபுற அச்சுகளின் திசை, பதிந்த எழுத்துகள், பதியாத எழுத்துகள், தேய்வு, சராப்பு முத்திரை, கிடைத்த வயல் அல்லது தெரு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். தர எண் வேண்டுமாயின் அதைக் கடைசிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். கல்லூரி வரலாற்றுத் துறைகளின் களப்பணி ஏட்டில் இதற்கு ஒரு பக்கம் போதும்.