எதியோப்பியாவின் தேவாலயக் காடுகள்
சமய நம்பிக்கையும் இயற்கைப் பாதுகாப்பும் பற்றியதொரு வரலாற்று நோக்கு

கி.பி. 723ஆம் ஆண்டளவில், இன்றைய ஜேர்மனியின் ஹெஸ்ஸே பகுதியைச் சார்ந்த கைஸ்மார் என்னுமிடத்தில், இடித்தெய்வத்துக்கு உரியதென மக்கள் வழிபட்டு வந்த பெரியதோர் ஓக் மரத்தைப் புனித பொனிபேஸ் வெட்டி வீழ்த்தினார். அம்மரத்தைக் கொண்டே அவர் ஒரு சிற்றாலயத்தை அமைத்தார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய வில்லிபால்ட் கூறுகின்றார். ஐரோப்பா கிறிஸ்தவத்தைத் தழுவிய வரலாற்றில் இந்நிகழ்ச்சி ஒரு குறியீடாகவே நிலைத்துவிட்டது. மரம் வீழ்ந்த இடத்தில் ஆலயம் எழுந்தது.

இக்குறியீட்டின் பின்னணியிலேயே, மத்தியகால வரலாற்றாசிரியரான லின் வைற் 1967ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையை விளங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் உள்ளது என்பது அவர் கருத்து. இயற்கையில் உறைந்திருந்த தெய்வங்களை அச்சமயம் வெளியேற்றியது. மனிதனைப் படைப்பின் தலைவனாக்கியது. அதன் விளைவாக மரம் வெறும் விறகாயிற்று என்பது அவரது வாதத்தின் சாரமாகும். அக்கட்டுரை அன்று தொட்டு இன்று வரை இறையியலாளரிடத்தும் சூழலியலாளரிடத்தும் ஓயாத விவாதத்தை எழுப்பி வந்துள்ளது. ஆயினும் விவாதம் பெரும்பாலும் வேதாகம வசனங்களைச் சுற்றியே நிகழ்ந்தது. நம்பிக்கையாளர் தம் ஊரில் மரங்களை எவ்வாறு நடத்தினர் என்ற கேள்வி போதிய கவனத்தைப் பெறவில்லை. அக்கேள்விக்கு விடை காண ஏற்ற களங்களுள் ஒன்று, மேற்கத்திய மரபுக்கு வெளியே வளர்ந்த எதியோப்பியத் திருச்சபையாகும்.

எதியோப்பியக் கிறிஸ்தவம் ஐரோப்பியரால் கொண்டுவரப்பட்டதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே அக்சும் அரசனான எசானா, தீர் நகரத்தவரான புருமென்தியுசின் செல்வாக்கினால் அச்சமயத்தைத் தழுவினான். புருமென்தியுசை ஆயராகத் திருநிலைப்படுத்தியவர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் ஆவார். அவ்வுறவின் தொடர்ச்சியாக, 1959ஆம் ஆண்டில் தனக்கெனச் சொந்தப் பிதாப்பிதாவைப் பெறும்வரை இத்திருச்சபை எகிப்தின் கொப்திக் சபையைச் சார்ந்தே நின்றது. பழைய ஏற்பாட்டு மரபுகள் இங்கு வலுவாக வேரூன்றின. ஒவ்வோர் ஆலயத்தின் நடுவிலும் உடன்படிக்கைப் பேழையை நினைவூட்டும் ‘தாபோத்’ வைக்கப்பட்டுள்ளது. தாபோத் இன்றேல் கட்டடம் ஆலயமாகாது. வடக்கு உயர்நிலத்தின் ஆலயங்கள் பல வட்ட வடிவின. உள்ளே செல்லச் செல்லப் புனிதம் மிகும் மூன்று வட்டங்களாக அவை அமைந்துள்ளன. அவற்றுக்கு வெளியே சூழ்ந்து நிற்கும் மரத்தொகுதியை நான்காவது வட்டம் எனலாம். காடு ஆலயத்தின் ஆடை என்றும், ஏதேன் தோட்டத்தின் சாயல் என்றும் அம்மக்கள் கருதுவர்.

இவ்வமைப்பு அண்மைக்காலத்தில் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டார் நகரில் தங்கியிருந்த ஸ்கொத்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ், 1790இல் வெளிவந்த தமது நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். ஆலயங்கள் ஓடுநீரை அண்மித்த குன்றுகளின் உச்சியில் அமைந்திருந்தன என்றும், தேவதாரு போன்ற மரங்கள் வரிசையாக அவற்றைச் சூழ்ந்து நின்றன என்றும் அவர் எழுதினார். அவர் கண்ட மரம் உள்ளூரில் ‘தித்’ எனப்படும் ஜூனிப்பராதல் வேண்டும். ‘வரிசையாக’ என்ற குறிப்பு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தேவாலயக் காடுகள் அனைத்தையும் ஆதிக்காட்டின் எச்சங்கள் எனக் கொள்வது பொருந்தாது. அவற்றுட் சில மனிதர் நட்டு வளர்த்தவையாயும் இருந்தன என்பதை அது புலப்படுத்துகின்றது.

எதியோப்பியாவின் காடழிப்புப் பற்றிய வழக்கமான கதையையும் இங்கு எச்சரிக்கையோடு அணுகுதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் நூற்றுக்கு நாற்பது பங்கு காடாக இருந்தது என்றும், சில பத்தாண்டுகளில் அது முற்றாகச் சுருங்கிற்று என்றும் பலகாலம் கூறப்பட்டது. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மக்கான் 1997இல் இக்கதையை ஆராய்ந்து, அதன் சான்றுகள் வலுவற்றவை எனக் காட்டினார். கலப்பை வேளாண்மை வடக்கு உயர்நிலத்தில் மிகத் தொன்மையானது. அங்கு வெளிகள் நெடுங்காலத்துக்கு முன்னரே தோன்றிவிட்டன. 1936 முதல் 1941 வரை நீடித்த இத்தாலிய ஆக்கிரமிப்பை ஒட்டிய காலத்தில் எடுக்கப்பட்ட வான்படங்களைப் பிற்காலப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. தென் கொண்டாரின் தேவாலயக் காடுகள் அன்றும் தனித் தீவுகளாகவே காட்சியளித்தன. அவற்றின் பரப்பு பெரிதும் நிலைத்து நின்றது. அவற்றுக்கு இடையே கிடந்த புதர்நிலங்களே மறைந்தன. அரசுகள் வீழ்ந்தன, அந்நியர் வந்து போயினர், பஞ்சங்கள் நேர்ந்தன. இத்தனைக்கும் நடுவே அத்தீவுகள் அழியவில்லை.

அவற்றைக் காத்தது யாது? காட்டைக் காக்க வேண்டும் என்ற கொள்கை ஏதும் அதற்குக் காரணமாகவில்லை. காக்கப்பட்டது தாபோத், அதன் பொருட்டே அதனைச் சூழ்ந்த நிலம் புனிதமாயிற்று, அந்நிலத்தில் நின்றமையால் மரமும் தப்பியது. கத்தரின் கார்தெலுஸ் முதலிய ஆய்வாளர் 2017இல் இதனை ‘நிழற் பாதுகாப்பு’ எனும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினர். ஆலயத்தின் மீது விழுந்த பாதுகாப்பின் நிழலிலே காடு வாழ்ந்தது என்பது அதன் கருத்து. ஆலய மரத்தைத் தன் வீட்டுக்கென வெட்டுதல் பாவம் என உழவன் அஞ்சினான். அவனுடைய முன்னோர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். துறவியர் அங்கு தவமிருந்தனர். தானா ஏரிக்கரையிலுள்ள செகே தீபகற்பத்தில் இக்கட்டுப்பாடு இன்னும் ஒரு படி மேலே சென்றது. உழுதலையும் மாடு வளர்த்தலையும் மடாலய மரபு அங்கு விலக்கியது. மக்கள் மர நிழலில் கோப்பி பயிரிட்டு வாழ்ந்தனர்.

இம்மரபின் வலிமையைச் சோதித்த நிகழ்ச்சி 1975இல் நேர்ந்தது. முந்திய ஆண்டில் பேரரசர் ஹைலே செலாசியை நீக்கி ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவக் குழு, நாட்டுப்புற நிலம் அனைத்தையும் அரசுடைமையாக்கியது. நூற்றாண்டுகளாகப் பெருநிலக்கிழாராக விளங்கிய திருச்சபை தன் நிலவருவாயை இழந்தது. 1976இல் பிதாப்பிதா தியோபிலோஸ் பதவி நீக்கப்பட்டார், 1979இல் கொல்லப்பட்டார். இருந்தும் ஆலயங்களைச் சூழ்ந்த காடுகள் பெரும்பாலும் நிலைத்தன. சட்டம் மாறியபோதும் ஊராரின் அச்சமும் அன்பும் மாறவில்லை. ஆயின் வருவாய் இழந்த ஆலயங்கள் வேறு வழி தேட வேண்டியனவாயின. இரண்டாம் மெனெலிக்கின் காலத்தில், 1890களில், தலைநகரின் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க முனைந்தபோது அறிமுகமான யூக்கலிப்டசு மரம், விரைந்து வளர்ந்து பணம் தரும் பயிராகத் தேவாலயக் காடுகளின் உள்ளும் ஓரத்தும் இடம்பிடித்தது.

நிழற் பாதுகாப்பின் குறைபாடு இங்கேதான் வெளிப்படுகின்றது. புனிதம் கோடரியைத் தடுத்தது, மாட்டைத் தடுக்கவில்லை. எதியோப்பிய ஆய்வாளர் அலெமாயெஹு வாசியே, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2007இல் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வுக்கெனத் தென் கொண்டாரின் காடுகளை விரிவாக ஆராய்ந்தார். அங்குள்ள 28 காடுகளில் அவரும் உடனாய்வாளரும் 168 வகை மரங்களையும் செடிகொடிகளையும் இனங்கண்டனர். அம்மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவாலயக் காடுகள் உள்ளன. பெரும்பாலானவை சில ஹெக்டெயர் பரப்பே உடையன. முதுமரங்கள் ஓங்கி நின்ற போதிலும், அவற்றின் அடியில் இளங்கன்றுகள் அரிதாயிருந்தன. மேய்ச்சலும் மிதிபாடும் அவற்றை அழித்தன. பல மரங்களின் விதைகள் மண்ணில் நெடுங்காலம் உயிர்த்திருப்பதுமில்லை. ஆதலால் தாய்மரம் வீழுமாயின் அதன் இனம் அவ்விடத்தில் மீளத் தோன்றுதல் அரிது. புதிய கட்டடங்களும் கல்லறைகளும் பாதைகளும் காட்டை உள்ளிருந்தே அரித்தன. ஆலயப் பணிக்கென மரம் வெட்டுதல் பாவமாகக் கருதப்படவில்லை அன்றோ! தொலைவிலிருந்து நோக்குவோருக்கு என்றும் போல் பசுமையாகத் தோன்றும் காடு, வாரிசின்றி முதுமையடைந்து கொண்டிருந்தது.

இதற்குக் கண்ட தீர்வும் கவனத்துக்குரியது. வாசியேயும் அமெரிக்க உயிரியலாளர் மார்கரெட் லோமனும் செய்மதிப் படங்களைக் குருமாருக்குக் காட்டி, காடுகள் எவ்வளவு சிறியவையாக எஞ்சியுள்ளன என்பதை உணர்த்தினர். குருமாரும் ஊராரும் வயல்களில் உழவுக்கு இடையூறாகக் கிடந்த கற்களைப் பொறுக்கிக் காடுகளைச் சுற்றி மதில் எழுப்பத் தலைப்பட்டனர். வயல் கல் நீங்கிற்று. காடு மாட்டினின்று காக்கப்பட்டது. ஆலயத்துக்கு மதிலிடுதல் அம்மக்கள் பழகிய மரபே. அம்மதிலைக் காட்டின் எல்லைவரை தள்ளி வைத்தமையே புதுமையாகும். விஞ்ஞானம் இங்கே நம்பிக்கையின் இடத்தைப் பிடிக்க முயலவில்லை. அதன் எல்லையை விரிக்கவே துணைநின்றது.

இனி லின் வைற்றின் வாதத்தை மீள நோக்கலாம். அவர் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தையே பெரிதும் கருதியமையால், எதியோப்பிய உதாரணம் அவரை நேரடியாக மறுக்காது. ஆயினும் அவர் வாதத்தின் அடிப்படையை அது திருத்துகின்றது. கிறிஸ்தவத்தினுள்ளேயே மாற்று வழியை நாடிய அவர், அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராகக் கொள்ளலாம் என்றார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979இல் அப்புனிதரை அவ்வாறே அறிவித்தார். தென் கொண்டாரின் உழவனோ அத்தகைய கோட்பாடு எதனையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதே வேளையில், ஆலயக் காட்டின் மதிலுக்கு வெளியே மரம் நிற்க இடமின்றி உழுதவனும் அவனே. ஒரே நம்பிக்கை ஒரு கோட்டின் உட்புறத்தில் காட்டைக் காத்தது. வெளிப்புறத்தில் அதுபற்றி ஒன்றும் கூறவில்லை.

கைஸ்மாரில் ஓக் மரம் வீழ்ந்தது, அது வேறொரு தெய்வத்துக்கு உரியதாயிருந்தமையால். கொண்டாரில் ஜூனிப்பர் நின்றது, அது தேவாலயத்துக்கு உரியதாயிருந்தமையால். இரண்டு இடங்களிலும் மரத்தின் விதியை முடிவு செய்தது, அது யாருக்குரியது என்ற கேள்வியே. மரம் தன்னளவில் பெறுமதியுடையது என்ற எண்ணம் இரண்டு இடங்களிலும் முதன்மை பெறவில்லை. எனவே, சமயம் இயற்கையின் பகையா நட்பா என்று பொதுப்பட வினவுவதால் அதிக பயன் விளையாது. ஒரு சமூகம் தன் புனிதத்தின் எல்லையை எங்கே வரைகின்றது, அவ்வெல்லையை நகர்த்த அது ஆயத்தமாக உள்ளதா என்பனவே வரலாறு எழுப்பும் வினாக்கள். தென் கொண்டாரின் உழவர், தம் வயற்கற்களைச் சுமந்து சென்று, அவ்வெல்லையைச் சில அடிகள் வெளியே நகர்த்தி வைத்துள்ளனர்.