முற்றுகையில் ஒரு நாவல்

கொள்ளைநோய்க் காலத்தில் பெரிய நாவலைக் கையில் எடுப்பவனைப் பற்றி நம்மிடையே தயாரான தீர்ப்பு ஒன்று இருக்கிறது: தப்பி ஓடுகிறான். சரித்திரம் இத்தீர்ப்பை ஆதரிக்கவில்லை என்பது என் கட்சி.

லெனின்கிராட் நகரம் 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாட்கள், ஜெர்மன் முற்றுகையில் கிடந்தது. பட்டினியில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அங்கேயே இருந்து பிழைத்த விமர்சகர் லிடியா கின்ஸ்பர்க், படிக்கத் தெம்பிருந்தவர்களெல்லாம் டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலை ஆவலோடு படித்தார்கள் என்று தமது முற்றுகைக் குறிப்புகளின் தொடக்கத்திலேயே சொல்கிறார். டால்ஸ்டாய் எழுதியது சரிதானா என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. தாங்கள் உணர்வது சரிதானா என்று அதில் உரைத்துப் பார்த்தார்களாம். தப்பி ஓடுகிறவன் உரைகல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

2020 மார்ச் 18-ல், சீனாவில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் யியுன் லி, அமெரிக்காவில் 'எ பப்ளிக் ஸ்பேஸ்' என்ற இலக்கியப் பத்திரிகையோடு சேர்ந்து, இதே நாவலை நாளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பக்கமாக 85 நாட்களில் படிக்க வாசகர்களை அழைத்தார். பல நாட்டினர் சேர்ந்துகொண்டனர். ஒரு சிறிய பத்திரிகை செய்த காரியம் இது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நான் அதைப் படித்தது விருத்தாசலத்தில், தமிழில். மொழிபெயர்த்தவர் டி. எஸ். சொக்கலிங்கம். 1933-ல் 'மணிக்கொடி'யைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1934-ல் 'தினமணி'யின் முதல் ஆசிரியர். 1943-ல் அவர் அங்கிருந்து விலகியபோது உடன் விலகிய புதுமைப்பித்தனின் இயற்பெயர்தான் இந்த ஊரின் பெயரும். அன்றன்றைய செய்தியோடு மல்லுக்கட்டிய ஒருவர் இத்தனை நிதானமான நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்நாட்களில் இது எனக்கு அர்த்தமுள்ளதாகப் பட்டது.

2020 மார்ச் 25-ல் நாடு அடைபட்டது. ஜங்ஷனில் சரக்கு வண்டிச் சத்தம் மட்டும். பீங்கான் பட்டறைகளில் சூளைகள் ஆறிக் கிடந்தன. சுடாத மண் பொம்மைகள் பலகைகளில் வரிசையாகக் காத்திருந்தன. மே தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு நோய் கடலூர் மாவட்டத்தில் வேகமாகப் பரவியது. நேற்றுவரை இன்னார் மகன் என்று அறியப்பட்டவன் 'கோயம்பேடு' ஆனான். மாலைதோறும் மாவட்டவாரியாக எண்ணிக்கை வரும். தெருவே அதற்குக் காத்திருந்து கணக்குப் போட்டது.

பியர் கைதியாக நடக்கும் பக்கங்களுக்கு நான் அப்போதுதான் வந்திருந்தேன். மாஸ்கோவிலிருந்து பின்வாங்கும் பிரெஞ்சுப் படை கைதிகளையும் ஓட்டிச் செல்கிறது. நடக்க முடியாதவர்களைச் சுட்டுவிடுகிறார்கள். சிறையில் பியருக்கு வாழ்வின் ருசியைக் காட்டிய குடியானவச் சிப்பாய் பிளாட்டன் கரட்டாயெவ், ஜுரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபடி அவனைப் பார்க்கிறான். பியர் பார்க்காததுபோல் நடக்கிறான். பின்னால் வெடிச்சத்தம். ஸ்மாலென்ஸ்கை அடைய இன்னும் எத்தனை நாள் நடை என்று போட்டுக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நிற்பது அவனுக்கு நினைவு வருகிறது. அதைத் தொடர்கிறான்.

டால்ஸ்டாய் இங்கே கண்டிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. திரும்பிப் பார்க்காத நல்ல மனிதன் ஒருவனின் மனம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்று மட்டும் சொல்கிறார். கணக்கில் இருந்தது. அவ்வருஷம் நெடுஞ்சாலைகளில் மூட்டையும் குழந்தையுமாக நடந்தவர்களையும், மாலை எண்ணிக்கைக்குக் காத்திருந்த தெருக்களையும் ஒருசேரப் புரிந்துகொள்ள, எந்தச் செய்தித்தாளும் எனக்கு இவ்வளவு உதவவில்லை.

1812-ல் நடந்ததை, 1828-ல் பிறந்தவர் அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதினார். 1941-ல் பட்டினி கிடந்தவர்கள் அதில் தங்களைச் சோதித்துக்கொண்டார்கள். நெடிய நாவல் தரும் அவகாசம் இத்தகையது. 2020-ஐ எழுதப்போகும் தமிழனும் சாவுத் தொகையைத் தேடிச் சிரமப்பட வேண்டாம்; அது எல்லா ஏட்டிலும் இருக்கிறது. திரும்பிப் பார்க்காதவர்கள் அப்போது என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை எழுதட்டும்.