அல்ஸ்வாட்டர் கரையும் கால்நடை உலாவின் வரலாறும்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியா மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் அல்ஸ்வாட்டர், வின்டர்மியருக்கு அடுத்தபடியாக அந்நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியாகும். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் நீர் நிரம்பி உருவான இந்த ஏரி சுமார் 12 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்டு, இரண்டு இடங்களில் திசை மாறி வளைவதால், தென்மேற்கிலிருந்து வரும் காற்று இருபுறச் சரிவுகளால் நெருக்கப்பட்டு நீரின்மேல் வேகமெடுக்கிறது. இளவேனில் தொடங்கும் நாள்களில் அக்காற்றுக்கு எதிராகக் கரையோரம் நடப்பது இன்றும் எளிதன்று. ஆயினும் நடப்பதற்காகவே இங்கு வருவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர்; இந்த வழக்கத்துக்கு வயது இருநூற்றைம்பது ஆண்டுகள்கூட இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஏரியைக் காண வந்த வசதி படைத்தோர் அதன் கரையில் நடக்க வரவில்லை, பார்க்கவே வந்தனர். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் இப்பகுதியைச் சுற்றிப் பார்த்து எழுதிய குறிப்புகள் பலரை இங்கு ஈர்த்தன. 1778இல் தாமஸ் வெஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி நூல், எந்த மேட்டில் நின்றால் எந்தக் காட்சி சிறப்பாகத் தெரியும் என்பதை வகுத்து, அத்தகைய இடங்களை ‘நிலையங்கள்’ என்று குறித்தது. நிலக்காட்சியை ஓர் ஓவியம்போல் சட்டத்துக்குள் அமைத்து மதிப்பிடும் இந்த ரசனைக்கு ‘பிக்சரெஸ்க்’ என்று பெயர். அதற்கெனவே ‘கிளாட் கண்ணாடி’ என்ற கருவியும் இருந்தது: சற்றே குவிந்த, கருநிறம் பூசிய அந்தச் சிறு கண்ணாடியைக் கையில் பிடித்து, ஏரிக்கு முதுகு காட்டி நின்று, பிரதிபலிப்பில் ஏரியைப் பார்க்க வேண்டும். அல்ஸ்வாட்டரில் படகிலிருந்து சிறு பீரங்கிகளை வெடித்து மலைகளின் எதிரொலியைக் கேட்பதும் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. 1793 முதல் பிரான்சுடன் நடந்த போர் ஐரோப்பியப் பயணங்களைத் தடுத்தபோது, ஆல்ப்ஸ் மலைக்குச் செல்ல இயலாதவர்கள் இந்த ஏரிகளை நோக்கித் திரும்பினர்.

கால்நடையாக வந்தவரை அக்காலச் சமூகம் ஐயத்துடனேயே நோக்கியது. 1782இல் இங்கிலாந்தை நடந்தே சுற்றிய கார்ல் மோரிட்ஸ் என்னும் ஜெர்மானியர், வண்டியில் வராதவரை விடுதிக்காரர்கள் நாடோடியாக நடத்தியதைத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். பெண்ணாக இருந்தால் பழி இன்னும் கூடியது. 1794இல் டோரதி வேர்ட்ஸ்வொர்த் தம் தமையனான கவிஞர் வில்லியத்துடன் கெண்டலிலிருந்து கிராஸ்மியர் வரையும் அங்கிருந்து கெஸ்விக் வரையும் நடந்து சென்றதை அவருடைய தாய்மாமன் மனைவி கண்டித்து எழுதினார். நடந்ததால் வண்டியில் அமர்ந்து வருவதைவிடப் பெரிய மகிழ்ச்சி கிடைத்தது என்றும், குறைந்தது முப்பது ஷில்லிங் மிச்சமானது என்றும் டோரதி பதில் எழுதினார். இந்த விடையில் ரசனையும் சிக்கனமும் ஒன்றாக நிற்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் கால்நடை உலாவைப் பற்றி எழுதியோர் முதலாவதை மட்டும் போற்றி இரண்டாவதை மறந்துவிட்டனர்.

இவ்வழக்கத்தின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான ஒரு நாள் 1802 ஏப்ரல் 15. ஆமியான் உடன்படிக்கையால் போர் ஓய்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அடிமை வணிக ஒழிப்புக்காகப் பாடுபட்ட தாமஸ் கிளார்க்சன் குடும்பத்தின் இல்லமான யூஸ்மியர், ஏரியின் வடமுனையில் பூலி பிரிட்ஜுக்கு அருகே இருந்தது. அங்கு தங்கியிருந்த வில்லியமும் டோரதியும் உணவுக்குப்பின் மேற்குக் கரை வழியாகப் புறப்பட்டனர். கிளார்க்சனின் மனைவி கேத்தரின் சிறிது தூரம் உடன் வந்து திரும்பிவிட்டார். காற்று மூச்சை அடைக்கும் அளவுக்கு வீசியதால் இவர்களும் திரும்பிவிட எண்ணினர்; படகுக் கொட்டகையில் ஒருமுறை, முட்புதரின் மறைவில் மற்றொருமுறை ஒதுங்கி நின்றனர். கோபாரோ பூங்காவுக்கு அப்பால் நீரையொட்டி முதலில் சில டாஃபடில் மலர்களே தென்பட்டன; நடக்க நடக்க அவை பெருகி, மரங்களின் கீழ் ஒரு சாலையின் அகலத்துக்குக் கரை நெடுக நீண்டன. இவை தோட்டத்தில் வளர்க்கும் பெரிய இனமல்ல, உயரம் குறைந்த, வெளிர்மஞ்சள் இதழ் கொண்ட காட்டு இனம். ஏரி நீரே விதைகளை மிதக்கவிட்டுக் கரை சேர்த்திருக்கும் என்று இருவரும் கற்பனை செய்துகொண்டனர். பின்னர் மழை பிடித்துக்கொள்ள, நனைந்தபடி பேட்டர்டேல் விடுதியை அடைந்து, உடை மாற்றி, பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்டனர்; விடுதிக்குக் கொடுத்த தொகை 7 ஷில்லிங் என்பதுவரை டோரதியின் நாட்குறிப்பில் உள்ளது. அதே நாட்குறிப்பின் பிற பக்கங்களில் இச்சாலைகளின் வேறு நடையர்களும் வருகிறார்கள்: பிச்சைக்காரர்கள், படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள், பிழைப்புத் தேடி அலைந்த குடும்பங்கள். இன்பத்துக்காக நடந்தவர்களும் வேறு வழியின்றி நடந்தவர்களும் ஒரே சேற்றில்தான் நடந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வில்லியம் எழுதி 1807இல் அச்சான டாஃபடில் கவிதை, உலகெங்கும் ஆங்கிலப் பள்ளிகளில், இம்மலரைக் காணவே வாய்ப்பில்லாத தமிழ்நாட்டு வகுப்பறைகள் உட்பட, பாடமாயிற்று. அதில் தங்கை இல்லை. கவிஞர் தனியே திரிகிறார். மூச்சடைக்கும் காற்று இளந்தென்றலாகிறது. மழையும் விடுதியும் மறைந்துவிடுகின்றன. கவிதையின் சிறந்த இரண்டு அடிகள் மனைவி மேரி தந்தவை என்பதை வில்லியமே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே தனிமையைப் பாடும் இப்படைப்பில் இரண்டு பெண்களின் பங்கு உண்டு. டோரதி 1855இல் இறந்தார். நாட்குறிப்பின் பெரும்பகுதி, வில்லியம் நைட் என்னும் பதிப்பாசிரியரால், சுருக்கப்பட்ட வடிவில்தான் 1897இல் வெளிவந்தது. கவிதையை மட்டும் அறிந்த தலைமுறைகள், கால்நடை உலாவைத் தனித்த ஆண் கவிஞருக்குரிய தவமாகவே எண்ணிப் பழகின.

இருவரும் நடந்த அந்த 1802இல் கோபாரோ தனியார் மான் வளர்ப்புப் பூங்கா. அதன் ஓரத்தில் லைல்ஃப்ஸ் டவர் என்ற வேட்டை மாளிகையை நார்ஃபோக் பிரபுக் குடும்பம் 1780 வாக்கில் கட்டியிருந்தது. ஏரிப் பகுதிக்கு வழிகாட்டி நூல் எழுதி, இதனைப் பார்க்கும் கண்ணும் ரசிக்கும் மனமும் உள்ள அனைவருக்கும் உரிய தேசியச் சொத்து என்று கருதிய வில்லியமே, 1844இல் கெண்டல்–வின்டர்மியர் ரயில்பாதைத் திட்டத்தை எதிர்த்து, தொழிற்சாலை மக்கள் திரளாக வருவதால் பயனில்லை என்று வாதிட்டார். இந்த முரண்பாட்டை அவருடைய முதுமையின் மேல் ஏற்றி மன்னித்துவிட முடியாது. ரசனை சிலருக்கே உரியது என்ற எண்ணம் வழிகாட்டி நூலிலேயே இருந்தது. ரயில் 1847இல் வந்தது, மக்களும் வந்தனர். 1895இல் நிறுவப்பட்ட நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை, பொதுமக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு 1906இல் கோபாரோ பூங்காவை அய்ரா ஃபோர்ஸ் அருவியுடன் வாங்கியபோது, மான்களுக்காக ஒதுக்கப்பட்ட நிலம் நடப்பவர்களுக்குத் திறந்தது.

மான்செஸ்டர் மாநகராட்சி தன் குடிநீருக்காக இந்த ஏரியைப் பயன்படுத்த முற்பட்டபோது, பிர்கெட் பிரபு 1962 பிப்ரவரியில் பிரபுக்கள் அவையில் அதை எதிர்த்துப் பேசி வென்றார். இரண்டு நாளில் அவர் மறைய, அருகிலுள்ள குன்று ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பிற்பாடு நீர் எடுக்க அனுமதி கிடைத்தபோதும், இறைப்பு நிலையத்தைக் கண்ணுக்குப் படாமல் நிலத்தடியில் அமைக்க வேண்டியதாயிற்று. நடப்பவர்களுக்கு உண்மையான இடையூறு கரையையொட்டிச் செல்லும் மோட்டார் சாலையிலிருந்தே வந்தது. அண்ணனும் தங்கையும் நடந்த அந்தக் கரையோரத்தில் இன்று வாகனங்கள் விரைவதால், 2016இல் திறக்கப்பட்ட, 20 மைல் நீளமுள்ள ‘அல்ஸ்வாட்டர் வே’ என்னும் நடைபாதை, கோபாரோ பகுதியில் சாலையை விட்டு விலகி மலைச்சரிவின் மேலே ஏறிச் செல்கிறது.